ஆறாம் வயலின் மூன்று மாதங்கள்

மார்ச் 3, திங்கள்

ஆண்டுத் தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மை வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு கட்டுகளைத் தோளில் சுமந்து மூன்றாம் மாடி ஏறி வந்த அச்சக ஆள் மூச்சு வாங்கிக்கொண்டே, "போன வருஷத்துக்கு இது மெலிசா இருக்கே மேடம்" என்றார். எண்ணெய்ப் பக்கங்கள் குறைந்துவிட்டன, அதனால்தான். இரண்டு பழைய எண்ணெய் வயல்களை மூடியாயிற்று. எஞ்சியவற்றிலும் பத்து பீப்பாய் எடுத்தால் எட்டு பீப்பாய் தண்ணீர்தான் வருகிறது. நான் இந்தப் புள்ளிவிவரப் பிரிவுக்கு வந்து பதினோரு வருடம். வந்த நாளிலிருந்து எண்ணெய்க் கோடு இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. "எல்லாம் நீங்க வந்த நேரம்" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். அவரைக் கால்குலேட்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னாலும் கால்குலேட்டரைத்தான் எடுப்பார்.

ஏறுகிற கோடு ஒன்றே ஒன்றுதான்: எரிவாயு. நாட்டின் எரிவாயுவில் பாதி ஆறாம் வயலிலிருந்து வருகிறது. அட்டவணை ஏழைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு எண். ஐந்து சதவீத உயர்வு. ஒரு குறி இல்லை, ஓர் அடிக்குறிப்பு இல்லை. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கடைசி மூன்று மாதம் மட்டும் மதிப்பீடு. வயலின் மீட்டர் மேல் சந்தேகம் வந்ததால், முந்தைய மாதங்களின் போக்கை வைத்துப் போட்டது. மதிப்பீடு என்றால் எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைத்து அடியில் ஒரு வரி எழுதியாக வேண்டும். குறி வேண்டாம் என்றவர் இயக்குநர்தான். எனக்கென்ன? சொன்னதைச் செய்தேன்.

பதினொன்றரைக்கு மூணாந்தேதி அண்ணன் கூப்பிட்டார். ஆறாம் வயலில் மீட்டர் பார்ப்பவர். மாதம் தவறாமல் மூன்றாம் தேதி போன் செய்து போன மாத அளவைச் சொல்வார். படிவம் பிறகுதான் தபாலில் வரும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. "எழுதிக்கிறீங்களா மேடம்? ரெண்டு, ரெண்டு, புள்ளி, எட்டு. திரும்பச் சொல்றேன்..." அதாவது இருபத்திரண்டு புள்ளி எட்டு மில்லியன் கன மீட்டர். போன வருடம் இதே மாதம் நாற்பத்தொன்று. இன்னும் இறங்குகிறது.

"புஸ்தகம் வந்துடுச்சா மேடம்? எனக்கு ஒண்ணு அனுப்புங்களேன். என் நம்பரெல்லாம் அதுல இருக்குன்னு பொண்ணுகிட்ட பெருமை அடிச்சு வெச்சிருக்கேன்."

"பார்க்கிறேன் அண்ணே" என்றேன்.

மார்ச் 19, புதன்

வெளியீட்டு விழா. அமைச்சர் மேடையில் என் எண்ணை வாசித்தார்: "ஆறாம் வயலில் மட்டும் ஐந்து சதவீதம்!" கைதட்டல். அந்தப் போக்கை நம்பி, எரிவாயுவில் ஓடும் உரத் தொழிற்சாலைக்கு இரண்டாவது ஆலை கட்டப் போகிறார்களாம். அதையும் அதே மூச்சில் அறிவித்தார். நான் அரங்கின் பின்னால், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இயக்குநர் திரும்பி என்னைத் தேடிப் பிடித்துத் தலையாட்டினார்.

பெருமையாகத்தான் இருந்தது. அதை மட்டும் எழுதாமல் விடுவானேன்.

மார்ச் 20, வியாழன்

மூணாந்தேதி அண்ணனுக்குப் புத்தகம் அனுப்பவில்லை. தபால் பிரிவில் பெரிய உறை தீர்ந்துவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

உறை இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

மூணாந்தேதி அண்ணன். இருபத்தொன்று புள்ளி ஒன்பது. சொல்லி முடித்ததும் வைத்துவிடவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். எங்க நிலையத் தலைவர் ரூம்ல புஸ்தகம் பார்த்தேன். அக்டோபருக்கு நான் முப்பத்திமூணு புள்ளி நாலுன்னுதானே சொன்னேன்? அதுல நாப்பத்தொண்ணு புள்ளி ஆறுன்னு இருக்கு. நவம்பரும் டிசம்பரும்கூட அப்படித்தான். ரெண்டு கேஸ் கிணத்துல தண்ணி ஏறிடுச்சு, கேஸ் குறையுதுன்னு நான் அப்பவே சொன்னேனே."

ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். கால்குலேட்டர் வேறு பக்கத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அது வேற கணக்கு அண்ணே" என்றேன். "கிணத்துப் பக்கம் எடுக்கிற கணக்கு. நீங்க சொல்றது வயலை விட்டு வெளிய போற கணக்கு."

"ஓ, அப்படியா? கிணத்துப் பக்கம் தனியா எடுக்கிறாங்களா? எனக்குத் தெரியாது மேடம். நான் மீட்டர் பார்க்கிறவன்தானே." சிரித்தார். "நான்கூட எங்கயோ தப்பா சொல்லிட்டேனோன்னு பயந்துட்டேன்."

கிணற்றுப் பக்கம் ஒரு கணக்கும் கிடையாது. அந்த வயலில் இருப்பது ஒரே மீட்டர். அதைப் பார்ப்பவர் ஒரே ஆள். அந்த ஆளிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் நம்பிவிட்டார்.

எப்படி இவ்வளவு சீக்கிரம் வாயில் வந்தது? யோசிக்கக்கூட இல்லையே.

ஏப்ரல் 11, வெள்ளி

தணிக்கைக்கு வந்திருக்கிறார்கள். அதிகாரி ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருப்பார். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, காதில் சொருகிய பென்சில். இரண்டு நாளாக எங்கள் பிரிவின் எல்லா அட்டவணைகளையும் பிரித்து மேய்கிறார். இன்று என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மத்தவங்க அட்டவணையெல்லாம் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கு மேடம். உங்களோடதுதான் சுத்தமா இருக்கு. பார்க்கவே சந்தோஷமா இருக்கு."

நான் சிரித்தேன். சிரித்தேனே!

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். வயலிலிருந்து வரும் படிவங்களில் கடைசி மூன்று மாதம் எண்பத்தெட்டு இருக்கிறது, தொகுப்பில் நூற்றிருபத்தைந்து புள்ளி ஆறு இருக்கிறது. வயலில் மீட்டர் பார்ப்பவரிடம் போனில் விசாரித்தாராம். அவர், தொகுப்பில் இருப்பது கிணற்றுப் பக்கக் கணக்கு, தன்னுடையது வெளியே போகும் கணக்கு என்று விளக்கினாராம். "ரொம்பத் தெளிவா சொன்னாரு. அது சரிதானே மேடம்?"

நான் சொல்லிக்கொடுத்த பொய் ஒரு சுற்று சுற்றி என் மேசைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவர் பென்சிலைக் கையில் எடுத்துக் காத்திருந்தார்.

"ஆமா" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காரக்கூட இல்லை, கால்குலேட்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"விஷயம் தெரியுமா? உங்க மூணாந்தேதி அண்ணனை வேலையிலருந்து நிறுத்தி வெச்சுட்டாங்க."

கிணற்றிலிருந்து மேலே வந்தது நூற்றிருபத்தைந்து புள்ளி ஆறு. வயலை விட்டு வெளியே போனது எண்பத்தெட்டு. நடுவில் முப்பத்தேழு புள்ளி ஆறு மில்லியன் கன மீட்டர் எங்கே? காற்றிலா கரைந்தது? வயலைச் சுற்றி செங்கல் சூளைகள் இருக்கின்றன. மீட்டரின் சாவி அவரிடம். குழாயில் கிளை போட்டு சூளைகளுக்கு விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தோண்டிப் பார்க்கிறார்களாம். இதுவரை கிளை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவருடைய சாமர்த்தியம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

"பதினோரு வருஷமா தேன் ஒழுகப் பேசினாரே! யாரை நம்புறதுன்னே தெரியல" என்றார் கால்குலேட்டர்.

"ஆமா, யாரை நம்புறது" என்றேன் நான்.

இதை நான் சொன்னேன். இந்த வாயால். எழுதி வைக்கிறேன், பிறகு சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாதபடி.

மே 3, சனி

விடுமுறை நாள். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன். புது எண்.

"மேடம், நான்தான். வீட்டு போன்லருந்து பேசறேன். லீவு நாள்ல தொந்தரவு பண்றேன்."

மூன்றாம் தேதி என்பது அவருக்கு நினைவிருந்ததா, தற்செயலா, தெரியவில்லை. குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஒரே ஒரு உதவி மேடம். அந்தக் கிணத்துக் கணக்கை யாரு எடுக்கிறாங்கன்னு சொன்னீங்கன்னா, நான் அவங்க கால்ல கையில விழுந்தாவது கேட்டுக்குவேன். எங்கயோ தப்பு நடந்திருக்கு. நான் முப்பது வருஷம் அந்த மீட்டர் முன்னாடி நின்னவன். மூச்சு விடுற மாதிரி அது எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியல அண்ணே. அது வேற பிரிவு."

"சரி. ஜனவரியில மீட்டரைச் சோதிச்சுப் பார்த்தாங்களே, சரியா இருக்குன்னு சான்று குடுத்தாங்களே, அது உங்களுக்குத்தானே வந்துச்சு? எங்ககிட்ட இருந்த காப்பியை விசாரணைக்காரங்க எடுத்துட்டுப் போய், இப்ப காணோம்ங்கறாங்க."

"தேடிப் பார்க்கிறேன்."

"பாருங்க மேடம். அவசரம் இல்ல." சற்று நின்று, "அவசரம்தான்" என்றார்.

இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. அளவுகோலுக்கும் தேநீர்க் கோப்பைக்கும் அடியில், உறையோடு. தேட என்ன இருக்கிறது?

மே 5, திங்கள்

இழுப்பறையைத் திறந்தேன். கோப்பையை எடுத்தேன். மூடினேன்.

மே 9, வெள்ளி

இந்த நோட்டிலும் பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று இதில் பொய் எழுதினேன்?

மார்ச் மூன்றாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். குறி வேண்டாம் என்றவர் இயக்குநர் என்று இருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல்: "மீட்டர் சோதனை முடியறவரைக்கும் மதிப்பீடு போட்டு வைங்க. ஸ்டார் வைக்க மறந்துடாதீங்க, அப்புறம் வம்பு." நான் மறக்கவில்லை. வைக்கவில்லை.

ஏன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ரொம்ப அற்பமான காரணம். என் அட்டவணையில் பதினோரு வருடமாக நட்சத்திரமே கிடையாது. மற்றவர்களுடையது கொசு கடித்த கை மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். ஒருமுறை கூட்டத்தில் இயக்குநர் என் அட்டவணையைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த ஒரு நாளுக்காக. வேறு எதற்காகவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. வயலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று மூணாந்தேதி அண்ணன் அக்டோபர் அளவைத் தந்தபோதே சொன்னார்; நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறுகிற கோடு நடுவில் ஒடிந்து விழுந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அசிங்கம்!

இன்னும் இருக்கிறது. மீட்டர் சரி என்ற சான்று ஜனவரி பதினேழாம் தேதி வந்தது. அச்சுப் பிழை பார்க்கும் தாள்கள் இருபத்திரண்டு வரை என் மேசையில்தான் இருந்தன. ஐந்து நாள். மூன்று எண்களை அடித்து மாற்றியிருந்தால் போதும். மாற்றினால் ஐந்து சதவீத உயர்வு கிட்டத்தட்ட மூன்று சதவீதச் சரிவாகும். வரைபடம் மாறும், முன்னுரை மாறும், "ஸ்டார் எங்கே?" என்று இயக்குநர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து சான்றை உறையோடு இழுப்பறையில் போட்டேன்.

நானே. என் கையால்.

இப்ப அங்க ஒரு மனுஷன் திருடன் பட்டம் வாங்கிட்டு உக்காந்திருக்கான். நான் இங்க உக்காந்து அழகா எழுதிக்கிட்டு இருக்கேன். சீ.

மே 10, சனி

இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலை வகுப்பு முடிந்து வந்து வாசலில் பயிற்சி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். துடைப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடி, கதவு, பின்பக்கம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அந்த ஆளுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்றார் கடைசியில்.

"ஒரு பொண்ணு."

"அது தெரிஞ்சிருக்கு உனக்கு."

அவ்வளவுதான். துணியைப் பிழிந்து காயப்போட்டார். சாப்பிடும்போது, "திங்கக்கிழமை முதல் வகுப்பை மாத்திக்கிறேன். நானே ஆபீஸ்ல விட்டுடறேன்" என்றார்.

மே 12, திங்கள்

விட்டார். நான் இறங்கியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சான்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முதல் மாடியில் தணிக்கை அறை வாசல் வரை போனேன். அதிகாரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "என்ன மேடம்? வாங்க, உள்ள வாங்க."

"சும்மாதான். சாப்பிடுங்க, அப்புறம் வரேன்."

அப்புறம் போகவில்லை. மாலையில் இவர் கேட்டதற்கு, "அவங்க இன்னிக்கு வரல" என்றேன். எத்தனை பேரிடம்தான் பொய் சொல்வேன்?

மே 13, செவ்வாய்

"இன்னிக்காவது வந்தாங்களா?" என்று இவர் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மே 14, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் கையெழுத்துப் போடாமல், நேராகத் தணிக்கை அதிகாரியின் அறைக்குப் போய் உறையை மேசையில் வைத்தேன். நின்றே பேசினேன். உட்காரச் சொன்னார், முடியவில்லை.

அப்போதும் நான் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். கிணற்றுக் கணக்கு என்று ஒன்று கிடையாது, இரண்டும் ஒரே மீட்டர், மூன்று மாதமும் நான் போட்டது என்று சொன்னேன். "யார் போடச் சொன்னாங்க?" என்று கேட்டார். "இயக்குநர்" என்றேன். அது பொய் இல்லை, பாதி. குறியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் உடனே இயக்குநரை வரவழைத்துவிட்டார்.

இயக்குநர் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்:

"ஸ்டார் வைக்கச் சொன்னேனா, இல்லையாம்மா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மின்விசிறி மேசைத் தாள்களைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. அவர் அன்று அப்படிச் சொன்னதற்குச் சாட்சி யாரும் இல்லை, எழுத்தும் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் என் வார்த்தை, அவர் வார்த்தை, அவ்வளவுதான். அந்தக் கணக்கும் என் மனதில் ஓடியது. மறைக்க மாட்டேன், ஓடியது.

"சொன்னீங்க சார். நான்தான் வைக்கல. சான்று வந்த பிறகும் நான்தான் மாத்தல."

இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு" என்றார் அதிகாரியிடம். வெளியே போய்விட்டார்.

அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு பென்சிலை வைத்தார்.

"அன்னிக்கு நான் உங்களை நேராப் பார்த்துத்தானே கேட்டேன்? 'ஆமா'ன்னீங்க."

"ஆமா."

"சுத்தமான அட்டவணைன்னு நான்தானே சொன்னேன்! அதுல மயங்கிட்டேன். இன்னொரு தடவை சோதிச்சுப் பார்க்கணும்னு தோணவே இல்ல." எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் பெரியவர் என்கிட்ட எவ்வளவு பொறுமையா விளக்கினாரு தெரியுமா? 'எங்க மேடம் சொல்லிக்கொடுத்தாங்க'ன்னு சொன்னாரு. நான் அதை வெச்சே அவர் மேல எழுதினேன்."

எங்க மேடம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தாண்டிப் போனார்கள்.

மே 26, திங்கள்

மூணாந்தேதி அண்ணனைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவு போய்விட்டது. எனக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுத ஒரு பக்கம் இடம் விட்டிருக்கிறார்கள். "உண்மை" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 5, வியாழன்

திருத்தச் சீட்டு அச்சாகி வந்தது. உள்ளங்கை அளவு. "ஆறாம் வயல்: அக்டோபர் 33.4, நவம்பர் 29.0, டிசம்பர் 25.6. ஆண்டு மாற்றம்: 2.8 சதவீதச் சரிவு." கையிருப்பில் உள்ள அறுநூறு பிரதிகளில் ஒட்ட வேண்டும். நானே ஒட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பசை, துணி, அளவுகோல். முதல் ஐம்பதும் கோணல் மாணலாகப் போயிற்று. கால்குலேட்டர் கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்து, பேசாமல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

"ஒரு தடவை நானும் அவரைத் திருடன்னுதானே பேசினேன்" என்றார் முந்நூறாவதிலோ என்னவோ.

உரத் தொழிற்சாலையின் இரண்டாவது ஆலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அஸ்திவாரக் குழி வரைக்கும் தோண்டியிருந்தார்களாம்.

ஜூன் 24, செவ்வாய்

மாற்றல் உத்தரவு. தரைத்தளத்தில் நுகர்வோர் புகார்ப் பிரிவு. இரண்டு படி கீழ்நிலை. வீட்டுக் குழாய் எரிவாயு பற்றிய புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுத வேண்டும். பொருட்களை எடுக்க மூன்றாம் மாடிக்குப் போனேன். தேநீர் நேரம். நான் இழுப்பறையைக் காலி செய்யும் வரை எல்லோருக்கும் கோப்பைக்குள் பார்க்க ஏதோ இருந்தது.

ஜூலை 19, சனி

வயலுக்குப் போய் வந்தேன்.

நான்கு மணி நேரப் பேருந்து. இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஊழியர் குடியிருப்பு, ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி தண்ணீர்த் தொட்டி. மூன்று வீட்டில் விசாரித்தேன். மூன்றாவது வீட்டுக்காரர், "கேஸ்காரர் வீடா?" என்று கேட்டு வழி காட்டினார். கேஸ் திருடியவர் என்ற பேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூணாந்தேதி அண்ணனின் மனைவிதான் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன். கதவைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அவரு உங்ககிட்ட பேசுவாருன்னு எனக்குத் தோணல" என்றார். "ஆனா வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

உள்ளே போனேன். அவர் பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கிழிந்த செருப்புக்கு ஊசி நூல் போட்டுக்கொண்டிருந்தார். குரலை வைத்து நெடுநெடுவென்று இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான, சிறிய ஆள். நரைத்த புருவம். என்னைப் பார்த்தார், மறுபடி செருப்பைப் பார்த்தார்.

தண்ணீர் வந்தது. அந்த அம்மா சுவரோரமாக நின்றபடி, நான் கேட்காமலே சொன்னார். மகள் மாமன் வீட்டில் இருக்கிறாளாம். பள்ளியில் பிள்ளைகள் அவள் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு "கேஸ் வாடை அடிக்குது" என்றார்களாம். உத்தரவு வந்த பிறகு கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் வர மாட்டேன் என்கிறாளாம்.

பேருந்தில் நான்கு மணி நேரமும் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "தப்பு என்னோடது அண்ணே. முழுக்க என்னோடது" என்றேன். அந்த வீட்டில் அது எவ்வளவு சின்னதாகக் கேட்டது!

ஊசி இரண்டு தையல் போட்டது.

"நம்பர் தப்பாப் போனதுகூடப் பரவால்ல மேடம்" என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டே. அதே குரல். "நீங்க 'வேற கணக்கு'ன்னு சொன்னீங்க பாருங்க. நான் மறுபேச்சு பேசல. வீட்டுல வந்து சொன்னேன், மேடம் படிச்சவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. வேலை போனப்பக்கூட அதையேதான் சொன்னேன். இவ அப்பவே சொன்னா, அந்தம்மா ஏதோ மறைக்கிறாங்கன்னு. நான் இவளைத் திட்டினேன்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதான் தாங்கல" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டால் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு வருமோ என்று தோன்றியது. அதனால் கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசல் தாண்டிச் சாலைக்கு வந்த பிறகு பின்னாலிருந்து குரல். எழுந்து வந்து வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், கையில் செருப்போடு.

"பஸ்சு அஞ்சேகாலுக்கு. அந்தப் பக்கம் நின்னீங்கன்னா நிறுத்த மாட்டான். மரத்துக்கிட்ட நில்லுங்க."

மரத்துக்கிட்ட நின்றேன். நிறுத்தினான்.

ஜூலை 20, ஞாயிறு

இவர் கேட்டார்: "என்ன சொன்னாரு?"

"பஸ் எங்க நிக்கும்னு சொன்னாரு."

இவர் என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

ஆகஸ்ட் 20, புதன்

புகார்ப் பிரிவில் ஐந்து பேர், மூன்று போன். மாதக் கடைசியில் நான் பதிவு செய்தவை நானூற்றைத் தாண்டும் போலிருக்கிறது. முக்கால்வாசி ஒரே புகார்: அடுப்பில் தீ குறைந்து எரிகிறது. ஆறாம் வயல் இறங்குவதை மேலே வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே அது ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலிருந்தும் திட்டிக்கொண்டே வருகிறது. திட்டு வாங்கப் பழகிவிட்டது. சில சமயம், எனக்குத்தான் இது என்று தெரிந்தே திட்டுகிறார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. இல்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாது.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று ஓர் அம்மா. மாலையில் அடுப்பு எரிவதே இல்லையாம், கணவருக்கு மருந்து கொடுக்கும் முன் கஞ்சி வைக்க முக்கால் மணி நேரம் ஆகிறதாம். கோபமாகப் பேசவில்லை, களைப்பாகப் பேசினார். "எப்போம்மா சரியாகும்?"

இந்த மாதக் கடைசிக்குள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இங்கே எல்லோரும் சொல்வது அதுதான். கேட்க நன்றாக இருக்கும்.

"தெரியலைங்க" என்றேன். "வயல்லயே கேஸ் குறைஞ்சுட்டு வருது. எப்போ சரியாகும்னு எனக்குத் தெரியல."

திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா" என்றார் அவர். "அப்ப மத்தியானமே வெச்சு எடுத்துக்கறேன்."

வைத்துவிட்டார். நான் ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா?